எனக்குப் பிறகு இவனுக்கு யார்?



டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மாரோடு சற்று நேரம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றினாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். "நான் மௌத்தாகிவிட்டால் இவனை யார் பார்ப்பார்கள்?" சிலர் இதைத் துஆவாகவே கேட்பார்கள். எனக்கு ஒரு நாள் முன்னதாக இவனை எடுத்துக்கொள் யா அல்லாஹ் என்று பெற்ற வயிறே கேட்கிறதென்றால், அந்தப் பயம் எவ்வளவு ஆழத்தில் கிடக்க வேண்டும்! அந்தப் பயத்தைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பெற்றோருக்குப் பின் எங்கே, எப்படி, யாரோடு வாழ்வது? யாழ்ப்பாணக் குடாநாட்டை வைத்தே பேசுவோம்.

அதற்கு முன் ஒரு விளக்கம். நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்கு 21 ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று அமைந்து, மொத்தம் 47 ஆகிவிடுகிறது. 1959 ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 700, 800 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் எல்லா நாட்டிலும், எல்லா இனத்திலும் இப்படிப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும். ஆனால் இளம் தாய்மாரே அதிகம் பிள்ளை பெறுவதால், இந்தப் பிள்ளைகளிலும் பலர் இளம் தாய்மாருக்குப் பிறந்தவர்களே. கண்ணூறும் இல்லை, ஜின்னும் இல்லை, கர்ப்பத்தில் கிரகண நேரம் வெளியே போனதும் இல்லை. மாமி மகனைக் கட்டியதால் வந்தது என்று சொல்வதும் தவறு. மிகச் சிலரிடம் மட்டுமே இது பரம்பரையாக வருகிறது. மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் மாமிமார் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசிக்கவும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு அவ்வளவு இடமிருக்கவில்லை. இப்பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். பலர் சிறு வயதிலேயே சளியும் காய்ச்சலும் கண்டு போய்விடுவார்கள். 1983 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலேயே இவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான். இன்று அங்கே அது 60 வயதை எட்டியிருக்கிறது. இதய சத்திரசிகிச்சை, நோய்த் தடுப்பு மருந்துகள், தைரொயிட் குறைபாட்டைக் காலத்தோடு கண்டுபிடித்தல், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையை வீட்டிலேயே வைத்து அன்பாய் வளர்த்தல். ஆயுள் கூடியது இவற்றால்தான். நம் நாட்டிலும் கொழும்பு ரிஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலையில் இப்பிள்ளைகளுக்கு இதய சத்திரசிகிச்சை நடக்கிறது. யுத்த காலத்தில் பாதைகள் மூடிக்கிடந்தபோது ஒரு கைக்குழந்தையை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கொண்டுபோவதென்றால் என்ன பாடு என்பதை அங்கிருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இன்று பாதை திறந்திருக்கிறது. பிள்ளை பிழைக்கிறது, வளர்கிறது, நாற்பதைத் தாண்டுகிறது. அந்நேரம் தாய்க்கு எழுபது, எழுபத்தைந்து. முட்டி வலியோடு எழும்ப முடியாத உம்மா, தன்னைவிடப் பாரமான மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்.

யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் 1990 க்கு முன் இந்தக் கேள்விக்கு ஒரு விடை இருந்தது. அதை யாரும் விடை என்று பெயர் வைத்து அழைக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு சொந்தம். உம்மா இல்லாவிட்டால் சாச்சி, சாச்சி இல்லாவிட்டால் ராத்தா. பிள்ளை ஒழுங்கையில் இறங்கி நடந்தால் கடைக்காரர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார். ஜும்ஆவுக்கு வாப்பாவோடு போனால் எந்த ஸஃப்பிலும் இடம் உண்டு. அந்தத் தெருவே ஒரு பராமரிப்பு இல்லமாக இருந்தது என்றால் மிகையாகாது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் அந்தத் தெரு முழுவதையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் என்று சொல்லப்படுகிறது. வீடும் நகையும் போனதை எழுதியவர்கள் பலர். இப்படிப்பட்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கிய தாய்மார், வீட்டோடு சேர்த்து அந்தச் சாச்சிகளையும் ராத்தாமாரையும் கடைக்காரரையும் அல்லவா இழந்தார்கள்? அதை எந்த நட்டஈட்டுப் படிவத்தில் எழுதுவது?

2009 க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் உண்டு. ஆனால் தெரு திரும்பி வரவில்லை. ஒரு மகள் புத்தளத்தில் கட்டிக்கொடுத்து அங்கேயே, ஒரு மகன் கொழும்பில், இன்னொருவன் வெளிநாட்டில். பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் இதே கதைதான். மக்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வயதான தாயும் அந்த ஒரு பிள்ளையும் மட்டும் பெரிய வீட்டில் தனித்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் சோனகத் தெருவுக்கும் கோண்டாவிலுக்கும் பேதமில்லை.

கோண்டாவில் என்றதும் நினைவுக்கு வருவது சிவபூமி பாடசாலை. அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்காகக் கலாநிதி ஆறு. திருமுருகன் அவர்கள் 2004 ஆம் ஆண்டில் தொடங்கியது. குடாநாட்டில் இத்தகைய பிள்ளைகளை வீட்டு மூலையிலிருந்து வெளியே கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு. கைதடியில் கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமான நஃபீல்ட் பாடசாலை அங்கிலிக்கன் திருச்சபையினரால் ஏற்பட்டது. அதே கைதடியில் அரசாங்க முதியோர் இல்லமும் இருக்கிறது. ஆக, சிறு பிள்ளைக்குப் பாடசாலை, முதியவருக்கு முதியோர் இல்லம். இரண்டுக்கும் நடுவே இருபதிலிருந்து அறுபது வரை நாற்பது வருடம் கிடக்கிறதே! பாடசாலை பகலுக்கு. பிள்ளையை மாலையில் வீட்டுக்கு அனுப்பினால் வாங்குவதற்கு வீட்டில் ஆள் வேண்டும். முதியோர் இல்லத்தில் முப்பத்தைந்து வயது மகளைக் கொண்டுபோய் விட்டால், அங்கே படுக்கையில் கிடப்போரைப் பார்க்கவே ஆள் காணாது. அவளுக்கு ஒரு வேலை பழக்கவோ, பாட்டுக்கு ஆட வைக்கவோ யாருக்கு நேரம்?

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். குடாநாட்டில் இத்தகைய நற்பணிகள் பெரும்பாலும் சைவ அறநிலையங்களும் கிறிஸ்தவ சபைகளும் கட்டியெழுப்பியவை. நம்முடைய தாய்மார் வாசல்வரை போய்த் தயங்குவது இதனால்தான். சாப்பாடு எப்படியோ, நோன்பு வந்தால் என்னவோ, மௌத்தானால் எங்கே அடக்குவார்களோ என்று. தயக்கம் நியாயமானது. ஆனால் கேளாமல் திரும்பி வருவது நியாயமில்லை. "எங்கள் பிள்ளை ஹலாலான இறைச்சிதான் சாப்பிடுவான், இல்லாவிட்டால் மரக்கறி போதும், ஏதும் நடந்தால் முதலில் இந்த இலக்கத்துக்கு அறிவித்துவிடுங்கள், ஜனாஸா எங்கள் பொறுப்பு" என்று தெளிவாகச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கென்று உயிரைக் கொடுத்து உழைப்பவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள். அதோடு, இத்தனை காலமாக நாம் ஏன் அப்படி ஒன்றைக் கட்டவில்லை என்ற கேள்வியை நம் பள்ளி நிர்வாகங்களிடமும் கேட்டு வைக்கலாம். சோனகத் தெருவில் ஆளில்லாமல் கிடக்கும் வீடுகளில் ஒன்றைத் திருத்தினால் ஐந்தாறு பேர் தங்கலாமே. தமிழ்ப் பிள்ளைகளும் வரட்டும்.

ஐந்தாறு பேர் என்று நான் சொல்வதற்குக் காரணமிருக்கிறது. இந்நிலைக்கு டவுன் என்று பெயர் வந்தது ஜோன் லாங்டன் டவுன் என்ற ஆங்கில வைத்தியரால். 1866 ஆம் ஆண்டு இதை முதலில் விளக்கி எழுதினார். (அவர் வைத்த 'மங்கோல்' என்ற பெயரை உலக சுகாதார நிறுவனம் 1965 ஆம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டது. நம்மவர் சிலர் மட்டும் இன்னும் விடவில்லை.) அவரும் மனைவி மேரியும் 1868 ஆம் ஆண்டு லண்டனுக்கு அருகே நோர்மன்ஸ்பீல்ட் என்ற இல்லத்தைத் திறந்தார்கள். அது பைத்தியகார ஆஸ்பத்திரி போல இருக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம், தோட்டம், கைத்தொழில், நாடகம் நடிக்க ஒரு அரங்கம்கூட இருந்தது. அவர் கண்மூடியபின் 1905 ஆம் ஆண்டில் அவர் குடும்பத்திலேயே ஒரு பேரன் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தான் என்பது வியப்பான செய்தி. ஆனால் இல்லம் பெருத்தது, கை மாறியது, அரசாங்க ஆஸ்பத்திரியானது. 1976 ஆம் ஆண்டு அங்கிருந்த தாதிமாரே வேலைநிறுத்தம் செய்யும் அளவுக்கு நிலைமை கெட்டது. 1978 ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை வந்தது. 1997 ஆம் ஆண்டு மூடியே விட்டார்கள். அன்போடு கட்டியவர் போனபின் கட்டடம் மட்டும் அன்பைத் தராது என்று எனக்குப் படுகிறது.

பெரிய இல்லங்களின் இந்த முகத்தைப் பார்த்தவர்கள்தான் சிறு வீடுகளைத் தேடினார்கள். பிரான்ஸில் 1964 ஆம் ஆண்டு ஜீன் வனியே என்பவர் இத்தகைய ஆண்கள் இருவரை அழைத்துவந்து தன்னோடு ஒரே வீட்டில் வைத்து வாழத் தொடங்கினார். 'லார்ஷ்' என்ற அந்த வழி 1970 ஆம் ஆண்டு பெங்களூருக்கு 'ஆஷா நிகேதன்' என்ற பெயரில் வந்தது, பின்னர் சென்னைக்கும். உதவியாளர்களும் அவர்களும் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே வீட்டில் உறங்கும் குடும்ப அமைப்பு. நல்ல யோசனை. ஆனால் வனியே இறந்தபின் 2020 ஆம் ஆண்டு அந்த அமைப்பே விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆன்மீக வழிகாட்டல் என்ற பெயரில் அவர் பல பெண்களிடம் முறைகேடாக நடந்திருக்கிறார் என்று. அவர்கள் இத்தகைய குறைபாடு இல்லாத, வாய் திறந்து பேசக்கூடிய பெண்கள். அவர்களின் வாயே அத்தனை வருடம் அடைபட்டுக் கிடந்ததென்றால், பேச்சு வராத நம் மகளின் நிலை என்ன? மகான் என்று ஊரே சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள்.

எனவே ஓர் இல்லத்தைப் பார்க்கப் போகும் உம்மா வரவேற்பு அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வரக்கூடாது. முதல் கேள்வி: இரவில் யார்? பகலில் எல்லா இல்லமும் அழகாகவே இருக்கும். இரவு பத்து மணிக்குப் பின் எத்தனை பேருக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், பெண்கள் பக்கத்தில் நிற்பது பெண்தானா, குளிக்க வைப்பது யார், மாதவிடாய் நாட்களில் யார் பார்ப்பது என்று வெட்கப்படாமல் கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில். மலசலகூடத்தைப் போய்ப் பாருங்கள். அங்கிருக்கும் பிள்ளைகள் தத்தமது சொந்த உடுப்பை உடுத்திருக்கிறார்களா, அல்லது பொதுக் குவியலிலிருந்து எடுத்ததா என்பதைப் பாருங்கள். ஒருவரை ஆளாக மதிக்கிறார்களா என்பது அதிலே தெரிந்துவிடும். மருந்து கொடுத்ததை எழுதி வைக்கிறார்களா? அமைதியாக இருக்கிறார்களே என்று மகிழ்ந்துவிடாதீர்கள், தூக்க மருந்தின் அமைதியும் உண்டு. 18 வயதுக்குக் கீழ் என்றால் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்திலும், மேல் என்றால் சமூக சேவைத் திணைக்களத்திலும் அந்த இல்லத்தின் பதிவைப் பற்றி விசாரியுங்கள்.

பிள்ளையின் உடம்பைப் பற்றியும் இல்லத்தார் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. இவர்களுக்கு முதுமை முந்தி வரும். நாற்பதுக்குப் பிறகு மறதி நோய் தலைகாட்டலாம். அறுபதை அடைபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அது காணப்படுகிறது. ஆனால் திடீரென்று பேச்சைக் குறைத்தார், படுக்கையை நனைத்தார் என்றால் மறதி நோய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தைரொயிட் குறைந்திருக்கலாம், காது அடைத்திருக்கலாம், கண்ணில் படலம் விழுந்திருக்கலாம். அல்லது உம்மாவைத் தேடிக்கொண்டிருக்கலாம்! இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம்மிடையே நடப்பது என்ன? உம்மா உயிரோடு இருக்கும்வரை இல்லம் என்ற பேச்சையே எடுக்க விடமாட்டோம். உம்மா மௌத்தானதும் ஜனாஸா வீட்டில் பிள்ளையை ஒரு அறையில் வைத்துக் கதவைச் சாத்துவோம், "அவனுக்கு என்ன தெரியும்" என்று. கத்தம் ஃபாத்திஹா முடிந்த கையோடு கொண்டுபோய் ஓர் இடத்தில் விட்டு வருவோம். உம்மா, வீடு, தலையணை, காலைத் தேநீர் எல்லாவற்றையும் அவன் ஒரே வாரத்தில் இழக்கிறான். எங்கே போனார் என்று யாரும் சொல்லவும் இல்லை. பிறகு சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று வைத்தியரிடம் கொண்டு ஓடுகிறோம். அவனுக்குத் தெரியும், சகோதரிகளே. மையித்தை அவனுக்குக் காட்டுங்கள். உம்மா மௌத்தாகிவிட்டார், இனி வரமாட்டார் என்று எளிய வார்த்தையில் சொல்லுங்கள். அழட்டும்.

இதனால்தான் சொல்கிறேன், இல்லம் தேவைப்படும் என்று தெரிந்தால் உம்மாவின் கை கால் ஓடும்போதே பழக்க வேண்டும். முதலில் மாமி வீட்டில் ஓர் இரவு. பிறகு இரண்டு. இல்லம் ஒன்று கண்ணுக்குப் பட்டால் வாரத்தில் ஒரு பகல் கூட்டிப்போய் அங்கே சாப்பிட்டு வருவது, பின்னர் அவன் தனியே சில நாள் தங்குவது. உம்மா உயிரோடு வந்து பார்த்துவிட்டுப் போகும் இடமாக அது இருந்தால் அவனுக்கு அது தள்ளிவிட்ட இடமாகத் தெரியாது. ஊர் ஏதாவது சொல்லும். சொல்லட்டும். சொல்பவர்கள் எவரும் இரவு இரண்டு மணிக்கு வந்து படுக்கை விரிப்பு மாற்றப் போவதில்லை. வீட்டிலும் பாசத்தால் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம். பொத்தான் பூட்ட, தட்டுக் கழுவ, தானே சுத்தம் செய்ய எத்தனை மாதமானாலும் பொறுமையாகப் பழக்குங்கள். தன்னைத்தானே சுத்தம் செய்யத் தெரிந்த பிள்ளையின் உடம்பில் அந்நியர் கை படும் தேவை குறையும்.

ஒரு கொப்பி வாங்கி வையுங்கள். கிளினிக் கொப்பி அல்ல, வேறொன்று. அவன் 'பா' என்றால் தண்ணீரா, பாணா? மீனில் முள் எடுத்துக் கொடுக்க வேண்டுமா? இடி இடித்தால் எங்கே ஒளிவான்? என்ன பாட்டுக்குச் சிரிப்பான்? உங்களுக்கு மட்டுமே தெரிந்த நூறு விஷயம் இருக்கும். உங்களோடு அவை மண்ணுக்குள் போய்விடக் கூடாது. எழுதவராத உம்மா என்றால் பேத்தியிடம் சொல்லி எழுதுவிக்கலாம்.

சொத்து விஷயம் கசப்பானது, ஆனாலும் பேசாமல் முடியாது. "அவனுக்கு எதற்குப் பங்கு" என்று மற்றப் பிள்ளைகள் கேட்பதுண்டு. அறிவு குறைந்தவன் என்பதால் வாரிசுரிமையில் அவன் பங்கு இல்லாமல் போகாது. சூரத்துந் நிஸாவின் 5 ஆம் வசனம், பொருளை ஆளத் தெரியாதவர்களின் கையில் அதைக் கொடுத்துவிடாமல், அதிலிருந்தே அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, கனிவாகப் பேசவும் கட்டளையிடுகிறது. அப்படியென்றால் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். இந்தியாவில் 1999 ஆம் ஆண்டு இதற்கென்றே தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்து, மாவட்ட அளவிலான குழுக்களே பாதுகாவலரை நியமிக்கின்றன. பெரியவர்கள் ஆயுள் முழுவதும் தங்கும் இல்லத் திட்டமும் அதன்கீழ் உண்டு. இங்கே மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். வீட்டை இன்னொரு பிள்ளைக்கு எழுதும்போது இவனுக்குச் சீவிய உருத்து வைத்து எழுத முடியுமா என்று நல்லதொரு நொத்தாரிசிடம் கேளுங்கள், வாய் வாக்கோடு நின்றுவிடாதீர்கள்.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அடையாள அட்டை. "இவனுக்கு எதற்கு ஐடி" என்று எடுக்காமலே விட்ட வீடுகள் உண்டு. 1990 இல் பிறப்புச் சான்றிதழ் தொலைந்ததோடு அப்படியே கிடப்பவர்களும் உண்டு. 15 வயது முடிந்த எவருக்கும் எடுக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கவும், இல்லத்தில் சேர்க்கவும், நாளை வங்கியில் கணக்குத் திறக்கவும் அது வேண்டும். பிறப்புப் பதிவின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துவிட்டு, அதோடு கிராம அலுவலரையும் சமூக சேவை உத்தியோகத்தரையும் கண்டு பேசிவிட்டு வாருங்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.